தொகையும் நிரலும்: கணினி மொழிகளில் கணத்தின் வரிசையுறுதியும் தமிழ்த் தொகை மரபும்

ஆய்வுச் சுருக்கம்

ஓர் உறுப்பு ஒருமுறை மட்டுமே இடம்பெறும் தொகுதியைக் கணினி மொழிகள் 'கணம்' என்னும் தரவமைப்பாக வழங்குகின்றன. கணத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும்போது அவை நிலையான ஒரு வரிசையில் வரும் என்று மொழி உறுதியளிக்க வேண்டுமா என்னும் வினாவுக்கு மொழிதோறும் வெவ்வேறு விடை தரப்பட்டுள்ளது. இக்கட்டுரை அவ்விடைகளின் வரலாற்றைச் சுருக்கமாக வரைந்து, சங்கத் தொகை நூல்களின் வைப்புமுறை வரலாற்றோடு ஒப்பிடுகிறது. தொகுத்தலும் கோத்தலும் இரு வேறு செயல்கள். கோத்த முறை வெளிப்படையாகச் சொல்லப்பட்ட இடத்தில் மட்டுமே வரிசை சான்றாகும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கணம், வரிசையுறுதி, தொகை நூல்கள், வைப்புமுறை, நிரல்நிறை, அகரவரிசை, ஒருங்குறி, மின்தரவு ஆய்வு.

1. முன்னுரை

சென்னையின் தென்புறத்தில் மேடவாக்கம் கூட்டுச்சாலையிலிருந்து கிழக்கே சோழிங்கநல்லூர் செல்லும் சாலையில் பெரும்பாக்கம் உள்ளது. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய வளாகம் 2022 சனவரி 12ஆம் நாள் அங்குத் திறந்துவைக்கப்பட்டது. அதே சாலையின் மறுமுனையில் சோழிங்கநல்லூரின் மென்பொருள் நிறுவனங்கள் தொடங்குகின்றன. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிப்போரும் கணினி நிரல் எழுதுவோரும் ஒரே சாலையில் நாள்தோறும் பயணம் செய்கின்றனர். இவ்விரு சாராரும் தத்தம் தொழிலில் ஒரே வினாவை எதிர்கொள்கின்றனர் என்பது பெரிதும் கவனிக்கப்படவில்லை. ஒரு தொகுதியில் எவை உள்ளன என்பது தெரிந்தபின், அவை எந்த வரிசையில் உள்ளன என்பதையும் அத்தொகுதியே சொல்ல வேண்டுமா என்பதே அவ்வினா.

கணினியியலில் இது நுட்ப வினாவாகக் கருதப்படுகிறது. தமிழாய்வு மின்தரவை நாடத் தொடங்கிய பின் இது நம் முறையியலுக்கும் உரிய வினாவாகிவிட்டது. சங்க இலக்கியச் சொல்லடைவு, சொல் நிகழ்வெண், பாடல் மாதிரித் தேர்வு முதலிய பணிகளில் தனிச்சொற்களைக் கணமாகத் திரட்டுவது வழக்கமான முதற்படி. அக்கணம் தரும் வரிசையை ஆய்வாளர் நம்பலாமா என்பதைப் பொறுத்தே அடுத்த படிகள் அமைகின்றன.

2. எண்ணும்மையும் நிரல்நிறையும்

கணக் கோட்பாட்டை 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் நிறுவியவர் ஜெர்மானியக் கணிதவியலார் கியார்க் கேண்டர். அவர் கோட்பாட்டின் வழிவந்த இன்றைய கணிதத்தில் ஒரு கணம் அதன் உறுப்புகளால் மட்டுமே வரையறுக்கப்படும். ஒரே உறுப்புகளை எம்முறையில் எழுதினாலும் அது ஒரே கணமே. வரிசை வேண்டுமாயின் அதனைத் தனியே தரவேண்டும். 1921இல் போலந்து அறிஞர் குரடோவ்ஸ்கி, வரிசையற்ற கணங்களை மட்டுமே கொண்டு வரிசைச் சோடி ஒன்றை வரையறுத்துக் காட்டினார். அவ்வரையறையிலும் வரிசை, கணத்தின் இயல்பாக வராமல் கணங்களைக் கொண்டு கட்டப்பட்டதாகவே வருகிறது.

தமிழிலக்கணம் இவ்வேறுபாட்டைத் தொடரியல் நிலையில் அறிந்திருந்தது. எண்ணும்மையால் அடுக்கப்படும் பெயர்களை இடம் மாற்றினால் பொருள் மாறாது. 'சேரனும் சோழனும் பாண்டியனும் வந்தனர்' என்பதில் மூவரையும் எம்முறையில் கூறினும் வந்தவர் அம்மூவரே. நிரல்நிறையில் அவ்வாறன்று. 'சேரன், சோழன், பாண்டியன் கொடி வில், புலி, கயல்' என்னும்போது இடமே பொருளைத் தீர்மானிக்கிறது. ஒரு சொல் இடம்பெயர்ந்தால் சோழனுக்கு வில்லும் சேரனுக்குப் புலியும் உரியவாகிவிடும். கணினி மொழியில் சொன்னால் எண்ணும்மை கணத்தையும் நிரல்நிறை பட்டியலையும் ஒத்தது.

தொல்காப்பியச் செய்யுளியல் 'ஓத்து' என்னும் நூற்பகுதியை வரையறுக்கும் இடமும் கருதத்தக்கது. ஓரினமான மணிகளை நிரல்பட வைத்தாற்போல ஓரினப் பொருளை ஓரிடத்து வைப்பது ஓத்து என்பது அதன் கருத்து. இவ்வுவமையில் இரு நிபந்தனைகள் உள்ளன. மணிகள் ஓரினமாயிருத்தல் ஒன்று; அவை நிரல்பட வைக்கப்படுதல் மற்றொன்று. முதலாவது தொகுதியில் எது சேரும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, சேர்ந்தவை எங்கே அமரும் என்பதைச் சொல்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று தானே பிறப்பதில்லை. இன்று கணினிக் கட்டளைத் தொகுதிக்குத் தமிழில் 'நிரல்' என்ற சொல்லே வழங்குவதும் இங்கு நினைக்கத்தக்கது.

3. கணினி மொழிகளில் வரிசையுறுதி

கணத்தைக் கணினியில் அமைப்பதற்குப் பெரிதும் பயன்படும் உத்தி ஹாஷ் அட்டவணை. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953 சனவரியில் எழுதிய அகக் குறிப்பொன்றில் இதன் கருத்து முதன்முதலில் காணப்படுகிறது. ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அவ்வெண் சுட்டும் அறையில் உறுப்பை இடுவது இதன் அடிப்படை. ஒரு சொல் தொகுதியில் உள்ளதா என்று அறிய எல்லாச் சொற்களையும் தேட வேண்டியதில்லை. அதற்குரிய அறையைப் பார்த்தால் போதும். இவ்விரைவுக்கு ஒரு விலை உண்டு. உறுப்புகள் வந்த முறையிலும் அகரமுறையிலும் அமராமல், அவற்றின் ஹாஷ் எண் விதித்த இடங்களில் சிதறி அமர்கின்றன.

கணத்தை மையமாகக் கொண்ட செட்எல் என்னும் மொழியை 1960களின் இறுதியில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஜேக்கப் ஷ்வார்ட்ஸ் உருவாக்கினார். 1970இல் வெளிவந்த நிக்லாஸ் விர்த்தின் பாஸ்கல் மொழியிலும் கணம் இடம்பெற்றது. ஆம்ஸ்டர்டாமில் உருவான ஏபிசி மொழி வேறு வழியைத் தேர்ந்தது. அதன் பட்டியல்களும் அட்டவணைகளும் எப்போதும் வரிசைப்படுத்தப்பட்டே இருந்தன. அம்மொழிப் பணியில் பங்கேற்ற கைடோ வான் ரோசம் பின்னர்ப் பைத்தானை உருவாக்கியபோது அவ்வுறுதியைக் கைவிட்டு ஹாஷ் அட்டவணையை ஏற்றார்.

1998இல் தரப்படுத்தப்பட்ட சி பிளஸ் பிளஸ் மொழியின் கணம் உறுப்புகளை ஏறுவரிசையில் தரும் என்று உறுதியளித்தது. வரிசையற்ற கணம் 2011ஆம் ஆண்டுத் தரத்தில்தான், 'வரிசையற்றது' என்னும் பெயரடையுடன் சேர்க்கப்பட்டது. ஜாவா மொழி இம்முடிவைப் பயனரிடம் விட்டது. 1998 டிசம்பரில் வந்த அதன் தொகுதிக் கட்டமைப்பில் வரிசையுறுதி இல்லாத ஹாஷ்செட், ஏறுவரிசை தரும் ட்ரீசெட் என இரண்டு அமைந்தன. 2002இல், உறுப்புகள் வந்த முறையைக் காக்கும் லிங்க்டுஹாஷ்செட் மூன்றாவதாகச் சேர்ந்தது. ஒரு கணம் வரிசையுடையதா என்பதையே தனி வகையாக அறிவிக்கும் வசதி 2023இல் வெளியான ஜாவா 21இல் வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் 2015ஆம் ஆண்டுத் தரத்தில் கணத்தை அறிமுகப்படுத்தியபோதே வருகைமுறையை உறுதியாக்கிவிட்டது.

பைத்தானின் வரலாறு நமக்கு மிகுதியும் பயன்படும். தமிழ் மின்தரவு ஆய்வில் மாணவர் முதலில் கற்பது பெரும்பாலும் அம்மொழியே. கணம் 2004இல் அதன் உள்ளமைந்த வகையாயிற்று. 2011 டிசம்பரில், ஹாஷ் எண்களை முன்கூட்டியே அறிந்து வலைச் சேவையகங்களை முடக்கும் தாக்குதல் பொதுவெளியில் விளக்கிக் காட்டப்பட்டது. அதன் விளைவாக 2012 செப்டம்பரில் வந்த பைத்தான் 3.3இல், சொற்களின் ஹாஷ் எண் ஒவ்வொரு இயக்கத்திலும் மாறுமாறு அமைக்கப்பட்டது. அன்றுமுதல் தமிழ்ச் சொற்கள் அடங்கிய ஒரே கணத்தை இருமுறை அச்சிட்டால் இரு வேறு வரிசை கிடைப்பது இயல்பாயிற்று.

அகராதி எனப்படும் திறவுகோல்–மதிப்பு அமைப்பின் கதை வேறு. 2016 டிசம்பரில் வந்த 3.6ஆம் பதிப்பில் அது இறுக்கமாக மாற்றியமைக்கப்பட்டது. நினைவகப் பயன்பாடு முந்தைய 3.5ஐவிட 20 முதல் 25 விழுக்காடு குறைந்தது. அம்மாற்றத்தின் பக்கவிளைவாக, உறுப்புகள் வந்த முறையே காக்கப்பட்டது. அப்பதிப்பு இதனை உறுதியாகச் சொல்லவில்லை. நம்ப வேண்டாம் என்றே எச்சரித்தது. ஓராண்டுக்குப் பின் 2017 டிசம்பரில் வான் ரோசம் இதனை மொழியின் உறுதியாக ஏற்றார். 2018 சூனில் வெளியான 3.7ஆம் பதிப்பிலிருந்து அது விதியாயிற்று. கணத்துக்கு அவ்வுறுதி இன்றுவரை தரப்படவில்லை.

தற்செயலாகக் கிடைத்த நடத்தை எப்படி விதியாகிறது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. பயனர் பெருகும்போது, ஆவணத்தில் உறுதி செய்யப்படாத நடத்தையையும் யாரேனும் ஒருவர் சார்ந்து நிற்பார் என்னும் கருத்து மென்பொருளியலில் ஹைரம் விதி என வழங்கும். இதனைத் தடுக்கவே, 2012 மார்ச்சில் வெளியான கோ மொழியின் முதற்பதிப்பு தன் அட்டவணைகளின் வரிசையை ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே குலைத்தது. இல்லாத உறுதியை இருப்பதாக எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

4. தொகை நூல்களில் சேர்ப்பும் வைப்பும்

இவ்வினாவை எட்டுத்தொகையில் வைத்து நோக்கலாம். அகப்பொருள் தொகைகளுள் மூன்று, அடியளவைச் சேர்ப்பு நிபந்தனையாகக் கொண்டவை. நான்கு முதல் எட்டடி வரையுள்ளவை குறுந்தொகையிலும், ஒன்பது முதல் பன்னிரண்டடி வரையுள்ளவை நற்றிணையிலும், பதின்மூன்று முதல் முப்பத்தோரடி வரையுள்ளவை அகநானூற்றிலும் இடம்பெறும். குறுந்தொகையின் 307, 391ஆம் பாடல்கள் ஒன்பதடி பெற்றிருப்பது போன்ற விலக்குகள் சிலவே. இந்நிபந்தனை ஒரு பாடல் எத்தொகையில் சேரும் என்பதை மட்டும் சொல்கிறது. தொகைக்குள் அது எத்தனையாவது பாடல் என்பதைச் சொல்வதில்லை.

அகநானூறு மட்டும் இரண்டாவது நிபந்தனை ஒன்றையும் கொண்டுள்ளது. ஒற்றைப்படை எண்கள் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். பத்தின் மடங்குகள் நெய்தல். இவ்விதிப்படி பாலை 200, குறிஞ்சி 80, முல்லை, மருதம், நெய்தல் ஒவ்வொன்றும் 40 ஆக 400 பாடல்கள் அமைகின்றன. இதைத் தொகுத்தவர் உப்பூரிகுடி கிழான் மகனார் உருத்திரசன்மர். திணைவைப்பு விதியைப் பழைய வெண்பா ஒன்றும் பதிவு செய்துள்ளது. அதாவது, வரிசை அமைக்கப்பட்டது மட்டுமன்றி அறிவிக்கப்பட்டும் உள்ளது. நூலின் முப்பகுதிப் பெயர்களான களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக் கோவை என்பவற்றுள் நிரை, மிடைதல், கோவை ஆகியவை எல்லாம் அடுக்குதலையும் கோத்தலையும் குறிக்கும் சொற்களாயிருப்பதும் நோக்கத்தக்கது.

இவ்வுறுதியின் பயனை ஓர் எண்ணைக் கொண்டு விளக்கலாம். நற்றிணையின் 234ஆம் பாடல் ஏட்டில் கிடைக்கவில்லை. 234 என்னும் இடம் அப்பாடலின் திணை எதுவென்று நமக்கு எதுவும் கூறாது. அகநானூற்றின் 234ஆம் பாடல் தொலைந்திருந்தால், அது முல்லைப் பாடல் என்பதை எண்ணைக் கொண்டே சொல்லியிருப்போம். ஐங்குறுநூற்றில் இது இன்னும் தெளிவு. அதன் 129, 130ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. எனினும் அவை நெய்தல் திணையின, அம்மூவனார் பாடியவை, கிழவற்கு உரைத்த பத்தைச் சேர்ந்தவை என மூன்று செய்திகளை நாம் அறிவோம். திணைக்கு நூறு, புலவருக்கு ஒரு திணை, துறைக்குப் பத்து என்னும் அடுக்குமுறையே அவ்வறிவைத் தருகிறது. வரிசை இங்குத் தொலைந்த பாடலுக்கும் சான்று பகர்கிறது.

மூன்றாவது வழியும் ஒன்றுண்டு. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தும் ஐங்குறுநூற்றின் தொண்டிப் பத்தும் அந்தாதித் தொடையில் அமைந்தவை. ஒரு பாடலின் முடிவு அடுத்த பாடலின் முதலாவதால், ஏடுகள் கலைந்தாலும் அவற்றை மீண்டும் கோத்துவிடலாம். அகநானூற்றில் வரிசை எண்ணில் உள்ளது; அந்தாதியில் உறுப்பிலேயே உள்ளது. ஒவ்வோர் உறுப்பும் தனக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைச் சுட்டும் இணைப்பைத் தாங்கும் லிங்க்டுஹாஷ்செட் அமைப்புக்கு மரபில் நெருங்கிய ஒப்புமை இதுவே. அங்கே இணைப்புக்கு நினைவகம் செலவாகிறது. இங்கே புலவனின் சொல்லுரிமை செலவாகிறது. எவ்வகையிலும் வரிசையுறுதி இலவசமாகக் கிடைப்பதில்லை.

5. தற்செயல் வரிசை விதியாதல்

தொகை மரபிலும் ஹைரம் விதிக்குச் சான்றுகள் உண்டு. எட்டுத்தொகை நூல்களைக் கூறும் பழைய வெண்பா நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல், கலித்தொகை, அகம், புறம் என்னும் முறையில் அவற்றை நிறுத்துகிறது. எதுகையும் தளையும் அம்முறையை வடிவமைத்திருக்கின்றன. கால வரிசையை அது கூறவில்லை. பிற்பட்டவை எனப் பலராலும் கருதப்படும் பரிபாடலும் கலித்தொகையும் அகத்துக்கும் புறத்துக்கும் முன்னர் நிற்பதே இதற்குச் சான்று. ஆயினும் இலக்கிய வரலாற்று நூல்களும் பாடத்திட்டங்களும் பெரும்பாலும் இவ்வரிசையையே பின்பற்றுகின்றன. நினைவில் வைக்க எழுந்த எண்ணும்மை காலப்போக்கில் நிரலாகிவிட்டது.

திருக்குறள் மற்றொரு சான்று. 133 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்பதில் பழைய உரையாசிரியரிடையே வேறுபாடில்லை. அதிகார வைப்பும் அதிகாரத்துள் குறள் வைப்பும் மணக்குடவர் உரைக்கும் பரிமேலழகர் உரைக்கும் பல இடங்களில் மாறுபடுகின்றன. இன்று நாம் வழங்கும் 1 முதல் 1330 வரையிலான குறள் எண் பரிமேலழகர் கொண்ட முறையைச் சார்ந்தது. ஓர் உரையாசிரியரின் வைப்பு, அச்சு வழியாகவும் மேற்கோள் வழக்கு வழியாகவும் நூலின் வரிசையாக நிலைபெற்றது. குறளின் எண்ணை மட்டும் கொண்டு வள்ளுவரின் கருத்து வளர்ச்சியை விளக்க முனைவோர், அவ்வெண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

மாற்றுவைப்பு ஒரு தொகுதியை அழிப்பதில்லை என்பதற்கும் நம்மிடம் சான்றுண்டு. சைவ சித்தாந்த மகா சமாஜம் 1940இல் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பில் ச. வையாபுரிப்பிள்ளை பாடல்களைத் தொகை வாரியாக வைக்காமல் புலவர் வாரியாக வைத்தார். உறுப்புகள் அவையே, வரிசை வேறு. கணமாக நோக்கினால் இரு பதிப்பு மரபும் சமம். பட்டியலாக நோக்கினால் அவை வேறு. கபிலரின் பாடல்களைச் சேர்த்துப் படிக்க விரும்புவோர்க்கு ஒன்றும், அகநானூற்றின் திணையோட்டத்தைக் காண விரும்புவோர்க்கு மற்றொன்றும் பயன்படும்.

இதனைக் கொள்கையளவில் முன்னரே உணர்ந்தவர் நச்சினார்க்கினியர். தொல்காப்பிய அகத்திணையியல், முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நிலங்களைச் சொல்லும் நூற்பாவில், சொல்லிய முறையால் சொல்லவும்படும் என்று முடிகிறது. அங்குள்ள உம்மையைக் கொண்டு, இம்முறையன்றிப் பிறவாறு சொல்லவும்படும் என அவர் பொருள் விரிக்கிறார். தொகைகளிலும் கீழ்க்கணக்கிலும் இம்முறை மாறிவரக் கோத்திருப்பதை எடுத்துக்காட்டுகிறார். ஐங்குறுநூறு மருதம், நெய்தல், குறிஞ்சி, பாலை, முல்லை எனவும், கலித்தொகை பாலை, குறிஞ்சி, மருதம், முல்லை, நெய்தல் எனவும் அமைந்திருப்பது அவர் கூற்றை மெய்ப்பிக்கும். திணைகள் ஒரு கணம். அவற்றின் வரிசை தொகுப்போன் தரும் உறுதி. இலக்கண நூலின் வரிசை இலக்கிய நூலைக் கட்டுப்படுத்தாது என்பதே அவ்வுரையின் உட்கிடை.

6. எந்த வரிசை? அகரமுறையும் குறியேற்ற முறையும்

கணத்துக்கு வரிசையுறுதி வேண்டும் என்போர் அடுத்து விடை தரவேண்டிய வினா, எந்த வரிசை என்பது. வருகைமுறை, ஏறுவரிசை என்னும் இரண்டே பெரும்பாலும் முன்வைக்கப்படுகின்றன. ஏறுவரிசை தமிழுக்குத் தனிச் சிக்கலைக் கொண்டுவருகிறது.

1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. அது, இந்திய எழுத்துமுறைகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. ஆகவே னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் இடம்பெற்றன. ஜகரம் ஞகரத்துக்கு முன் வந்தது. புள்ளி, உயிர்க்குறிகளுக்குப் பின் வைக்கப்பட்டது. கணினி மொழிகள் சொற்களை இயல்பாக ஒப்பிடுவது இவ்விட எண்களைக் கொண்டே.

விளைவு எளிது. அகராதி முறையில் 'வயல்' முன்னும் 'வனம்' பின்னும் வரவேண்டும். குறியெண் முறையில் 'வனம்' முந்துகிறது. அகராதியில் 'பக்கம்' என்பதற்குப் பின் 'பகல்' வரும். குறியெண் முறையில் 'பகல்' முந்துகிறது. ட்ரீசெட் போன்ற அமைப்பு இங்கே தன் உறுதியை மீறவில்லை. அது உறுதியளித்த வரிசை நம் அகரவரிசை அன்று என்பதே சிக்கல். நெடுங்கணக்கு முறையில் எழுத்துகளை அடுக்கிய டேஸ் 16 குறியேற்றத்தைத் தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்துத் தரமாக அறிவித்ததற்குப் பின்னும் இக்கவலை இருந்தது. ஒருங்குறியைப் பயன்படுத்துவோர் மொழிசார் வரிசையாக்க விதிகளைத் தனியே அழைத்து இதனைத் தீர்க்கலாம். தனியே அழைக்க வேண்டும் என்பதுதான் இங்கு அறியவேண்டியது.

7. ஆய்வு நடைமுறையில் விளைவுகள்

இக்கட்டுரையாளர் தம் ஆய்வின் தொடக்கத்தில் நற்றிணையின் தனிச்சொற்களைப் பைத்தான் கணமாகத் திரட்டி, அதன் முதல் 200 சொற்களைக் கையால் இலக்கணக் குறிப்பிடுவதற்கு மாதிரியாக எடுத்துக்கொண்டார். சில நாள் கழித்து அதே நிரலை மீண்டும் இயக்கியபோது வேறு 200 சொற்கள் வந்தன. குறிப்பிட்ட சொற்களும் புதிய பட்டியலும் பொருந்தவில்லை. தரவும் நிரலும் மாறவில்லை. இல்லாத உறுதி ஒன்றை இருப்பதாகக் கொண்டதே பிழை. அப்பிழை கண்ணில் பட்டதற்குக் காரணம், வரிசை ஒவ்வொரு முறையும் மாறியது என்பதுதான். தற்செயலாக ஒரே வரிசை தொடர்ந்து வந்திருந்தால், அம்மாதிரி ஆய்வேட்டிலும் சமவாய்ப்பு மாதிரியாகவே பதிவாகியிருக்கும்.

இவ்விடத்தில் ஏறுவரிசையும் மருந்தாகாது. வரிசைப்படுத்திய பட்டியலின் முதல் 200 சொற்கள் ஒவ்வொரு முறையும் மாறாமல் வரும். ஆனால் அவை அகரத்தில் தொடங்கும் சொற்களாகவே குவிந்திருக்கும். முதலில் வரையறுத்த வரிசையில் அடுக்கி, பின் விதையெண்ணைக் குறித்துக்கொண்டு கலைத்து எடுப்பதே முறை. நிகழ்வெண் பட்டியலிலும் இதுபோன்ற இடருண்டு. சமமான நிகழ்வெண் பெற்ற சொற்கள் பலவாக இருக்கையில், 'முதல் நூறு சொற்கள்' என்னும் எல்லைக்கோட்டில் எச்சொல் உள்ளே, எச்சொல் வெளியே என்பதைக் கணத்தின் சிதறிய வரிசை தீர்மானித்துவிடலாம். ஒருமுறை மட்டும் வரும் சொற்களை ஆய்வோர் இதில் மிகவும் கருத்தாயிருக்க வேண்டும்.

இவற்றைக் காட்டி, கணமே வருகைமுறையை உறுதியளித்துவிட்டால் தொல்லை தீரும் எனக் கூறலாம். மீள்செய்யத்தக்க முடிவு, எளிய பிழைதிருத்தம், கற்போர்க்குத் தெளிவு ஆகியவை அவ்வாதத்தின் வலிமை. அவற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. பைத்தான் அகராதியின் வரலாறும் அதற்குத் துணைநிற்கும். எனினும் இரு தடைகள் உள்ளன. முதலாவது, கணத்தின் செயல்களான சேர்ப்பும் வெட்டும் வரிசை குறித்து எதுவும் சொல்வதில்லை. குறுந்தொகைச் சொற்களும் நற்றிணைச் சொற்களும் வெட்டிக்கொள்ளும் கணம் எந்நூலின் வருகைமுறையைப் பின்பற்றும்? எதைத் தேர்ந்தாலும் இரு கணங்களுக்கும் சமமாயிருந்த செயல் ஒன்றின் பக்கம் சாய்கிறது. இரண்டாவது, வருகைமுறை என்பதும் நாம் உள்ளிட்ட மின்கோப்பின் முறையே. அக்கோப்பு எப்பதிப்பைப் பின்பற்றியது என்பது தெரியாதபோது, வரிசை நிலையாக இருப்பது அதற்கு உரிமையற்ற நம்பகத்தையே தரும்.

8. முடிவுரை

கணம் என்னும் பொது அமைப்பு வரிசையுறுதி தரவேண்டியதில்லை. வரிசை தேவைப்படுவோர்க்கு அதனை வெளிப்படையாக அறிவிக்கும் தனி அமைப்பு வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபு. ஜாவா மூன்று கணங்களை மூன்று பெயர்களில் வைத்ததும், சி பிளஸ் பிளஸ் 'வரிசையற்றது' எனப் பெயரிலேயே சொன்னதும் இதற்கு இசைந்தவை. தமிழ்த் தொகை மரபு காட்டுவதும் இதுவே. அகநானூற்றின் வரிசை நமக்குச் சான்றாவது, அதன் விதி சொல்லப்பட்டு நம் கைக்கு வந்ததால். எட்டுத்தொகை வெண்பாவின் வரிசை கால ஆய்வுக்குச் சான்றாகாதது, அது அவ்வாறு எதையும் சொல்ல வராததால்.

இதிலிருந்து தமிழ் மின்தரவு ஆய்வுக்கு மூன்று நடைமுறைகள் பெறப்படும். சொற்கணத்திலிருந்து எடுக்கும் எப்பட்டியலுக்கும் அதன் வரிசைமுறையை ஆய்வேட்டில் குறிப்பிடுதல் ஒன்று. அகரவரிசை என்னும்போது அது நெடுங்கணக்கு முறையா, குறியெண் முறையா எனக் கூறுதல் மற்றொன்று. பாடல் எண்ணைச் சான்றாக்கும்போது அவ்வெண் தொகுத்தோனுடையதா, உரையாசிரியருடையதா, பதிப்பாசிரியருடையதா எனப் பிரித்தறிதல் மூன்றாவது.

உருத்திரசன்மர் நானூறு பாடல்களைத் தொகுத்தபின் தனியே அமர்ந்து அவற்றைக் கோக்கவும் வேண்டியிருந்தது. அவ்விரண்டாம் பணியை நம் நிரல்களில் கணத்தின் தலையில் கட்டிவிட இயலாது. அது ஆய்வாளர் செய்து, செய்த முறையையும் சொல்ல வேண்டிய பணி.